வரப்புத் தும்பையை வாழவிடுங்கள்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மழைக்காலம் முடிந்த கையோடு வரப்புகளில் ஒரு காட்சி இப்போது சாதாரணமாகிவிட்டது. கழனியில் பயிர் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. வரப்பில் மட்டும் செடிகொடிகள் அனலில் வாட்டியவை போல மஞ்சளித்துச் சுருண்டு கிடக்கின்றன. களைக்கொல்லி அடித்த வரப்பு அது. மண்வெட்டியும் அரிவாளும் இரண்டு நாள் செய்த வேலையைக் கைத்தெளிப்பான் அரை நாளில் முடித்துவிடுகிறது. கூலி மிச்சம், நேரம் மிச்சம் என்று விவசாயிக்குத் தோன்றுவது இயல்பே. ஆனால் அப்படி மடிகின்ற செடிகளுள் ஒன்று, இத்தனை காலமும் கூலி கேட்காமல் அவருக்கு வேலை செய்துவந்த செடி. அதுதான் தும்பை.

தும்பையை அறியாத தமிழர் இல்லை. வெளுத்த வேட்டியைத் 'தும்பைப்பூப் போல' என்றுதான் இன்றும் சொல்கிறோம். நேருக்கு நேர் நின்று பொரும் போருக்குத் தொல்காப்பியம் தும்பைத் திணை என்று பெயர் வைத்தது. பிள்ளையார் சதுர்த்திக்குப் பூப் பறிக்கப் பிள்ளைகள் ஓடுவதும் இந்தச் செடியிடம்தான். பூசைக்குப் பறிக்கும் பூவை வரப்பில் கண்டால் மட்டும் களை என்று ஒதுக்குவது சரிதானா என்பதை விவசாயப் பெருமக்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

மேனாட்டுத் தைமுக்கு உறவு

ஐரோப்பாவிலும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் காட்டிலும் மேட்டிலும் தானாக வளரும் சிறு செடி ஒன்று உண்டு. தைம் என்பது அதன் பெயர். தரையோடு படரும் குறுஞ்செடி; நுனி விரல் நகத்தளவு இலை; கசக்கினால் ஓமம் போல மணக்கும். கிரேக்க நாட்டில் தைம் பூவிலிருந்து தேனீக்கள் சேர்க்கும் தேன் பழங்காலம் தொட்டே பெயர் பெற்றது. இந்தியாவில் இந்த இனத்தின் காட்டுச் செடி இமயமலைச் சரிவுகளில் வளர்கிறது. தைமஸ் லினியாரிஸ் என்று தாவர நூலார் அதை அழைக்கின்றனர். நமது சமவெளியின் வெயிலில் அது தானாக வளர்வதில்லை.

ஆனால் தைமின் பங்காளிகள் நம் வரப்பிலேயே இருக்கின்றன. தும்பை, துளசி, கஞ்சாங்கோரை, பேய்மிரட்டி, வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவள்ளி ஆகிய எல்லாமே தைம் சேர்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கற்பூரவள்ளியைக் கசக்கினால் ஓம வாசனை வருவதற்குக் காரணம், தைமில் உள்ள தைமால், கார்வக்ரால் என்ற எண்ணெய்ப் பொருள்கள் அதிலும் இருப்பதுதான். ஓமத்திலும் தைமால் உண்டு. ஆனால் ஓமம் கொத்தமல்லியின் குடும்பம். மணம் ஒன்றாக இருந்தால் குடும்பமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால்தான் செடியை மணத்தால் மட்டும் அடையாளம் காணாமல் உறுப்புகளைப் பார்த்து அறிய வேண்டும் என்கிறார்கள்.

அடையாளம் காண்பது எப்படி?

தும்பையின் தாவரப் பெயர் லூக்காஸ் ஆஸ்பெரா. ஒரு பருவத்தில் முளைத்துப் பூத்து விதைவிட்டு மடியும் செடி. அரை அடி முதல் இரண்டு அடி வரை உயரும். இதன் தண்டை இரு விரலுக்கிடையே வைத்து உருட்டினால் உருளாது. நான்கு பட்டையான தண்டு. மேலெல்லாம் சொரசொரப்பான மயிர். இலைகள் ஒன்றுக்கொன்று எதிரெதிராக அமைந்திருக்கும். ஒரு கணுவில் கிழக்கும் மேற்குமாக இலை இருந்தால், அடுத்த கணுவில் வடக்கும் தெற்குமாக இருக்கும். இலை நீண்டு ஒடுங்கியது, நுனி மழுங்கியது, ஓரம் லேசாகப் பல்வெட்டியது போல் இருக்கும்.

பூக்கள் தண்டின் கணுக்களைச் சுற்றியும் நுனியிலும் பந்துபோல் கூட்டமாக இருக்கும். ஒவ்வொரு பூவையும் பச்சைக் குழாய் போன்ற புல்லி வட்டம் தாங்குகிறது. வெள்ளை அல்லி வட்டம் இரண்டு உதடுகளாகப் பிளந்திருக்கும். மேலுதடு சிறியது, வெண்பஞ்சு ஒட்டியது போல மயிர் அடர்ந்து, கவிழ்த்த குல்லாய் போல் வளைந்திருக்கும். கீழுதடு பெரியது, மூன்று மடல்களாக முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். இந்த உதட்டை வைத்துத்தான் லத்தீன் மொழியில் இந்தக் குடும்பத்துக்கு லேபியேட்டே, அதாவது உதட்டுப் பூக் குடும்பம் என்று முதலில் பெயர் வைத்தார்கள். இப்போது லேமியேசியே என்கிறார்கள்.

மேலுதட்டுக்குள்ளே நான்கு மகரந்தத் தாள்கள் இருக்கும். இரண்டு நீளம், இரண்டு குட்டை. பூ உதிர்ந்த பின் புல்லிக் குழாயைப் பிரித்துப் பார்த்தால் அடியில் நான்கு சிறு கொட்டைகள் காணப்படும். அவைதான் விதைகள். தண்டு நான்கு பட்டை, இலை எதிரெதிர், பூ இரண்டு உதடு, விதை நான்கு. இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால் தைமிலிருந்து தும்பை வரை இந்தக் குடும்பத்தை எங்கே கண்டாலும் அடையாளம் சொல்லிவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கவிழ்தும்பை என்று ஒரு செடி இதே வரப்பில் வளர்கிறது. பெயரில் தும்பை இருந்தாலும் அது வேறு குடும்பம். அதன் பூ வெளிர்நீலம் கலந்தது. ஐந்து இதழும் ஒரே அளவு. தலை தரையைப் பார்த்துத் தொங்கும். இரண்டு உதட்டுப் பூ அங்கே கிடையாது.

பூவின் அமைப்பும் தேனீயின் வேலையும்

தும்பையின் கீழுதடு வெறும் அழகுக்கு அல்ல. தேனீ வந்து இறங்குவதற்கான திண்ணை அது. திண்ணையில் இறங்கிய தேனீ, குழாயின் அடியிலுள்ள தேனை எட்டத் தலையை உள்ளே நுழைக்கிறது. அப்போது மேலுதட்டுக்குள் ஒளிந்திருக்கும் மகரந்தப் பைகள் தேனீயின் தலையிலும் முதுகிலும் உரசுகின்றன. அந்தப் பொடி அடுத்த பூவின் சூல்முடிக்குப் போய்ச் சேர்கிறது. தேனீக்குத் தேன், செடிக்கு விதை என்ற இந்தக் கொடுக்கல் வாங்கலில் விவசாயிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அது எப்படி என்று அறிய, இந்த வட்டாரத்தின் பயிர்களைப் பூவின் கணக்கில் பார்க்க வேண்டும். நெல்லும் கரும்பும் தேனீக்குத் தேன் தருவதில்லை. மணிலா தன் மகரந்தத்தில் தானே சூல்கொள்ளும் பயிர். அதற்குத் தேனீயின் தயவு பெரிதாக வேண்டியதில்லை. எள்ளும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆயினும் தேனீ வந்து போனால் அதற்கு நன்மை உண்டு. தர்ப்பூசணியின் நிலையோ முற்றிலும் வேறு.

திண்டிவனம், மரக்காணம் பகுதியின் தர்ப்பூசணி கோடைக் காலத்தில் வெளியூர்ச் சந்தைகளுக்கு லாரி லாரியாகப் போகிறது. இந்தக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு போன்ற சூலகம் இருக்கும். காலையில் மலரும் பூ நண்பகலோடு மூடிவிடும். அதற்கு வாழ்வு ஒரே நாள்தான். மகரந்தம் பிசுபிசுப்பானது; காற்றில் பறக்காது. ஆகவே தேனீ வந்தால்தான் பிஞ்சு நிற்கும். ஒரு முறை வந்தாலும் போதாது. ஒரு பெண் பூவுக்கு எட்டு முறையாவது தேனீ வந்துபோனால்தான் காய் முழுமையாகத் திரளும் என்பது இத்துறையில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. சூல்முடியின் ஒரு பக்கத்தில் மட்டும் மகரந்தம் விழுந்தால் காய் ஒரு பக்கம் வீங்கி, மறுபக்கம் ஒடுங்கிக் கோணலாகும். கோணல் காயை வியாபாரி இரண்டாம் தரம் என்று ஒதுக்குகிறார். உரம் பற்றவில்லை, விதை சரியில்லை என்று விவசாயி நினைத்துக்கொள்கிறார். பூவுக்கு வந்த தேனீ எத்தனை என்று எண்ணிப் பார்ப்பவர் அரிது.

இந்தப் பகுதியில் தர்ப்பூசணி பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களில் விதைக்கப்படுகிறது. பூப்பது தை, மாசியில். வடகிழக்குப் பருவமழையில் முளைத்த தும்பை அதற்கு முன்பே, கார்த்திகை, மார்கழியில் பூத்துக் குலுங்குகிறது. அந்தச் சமயத்தில் கழனியில் இருப்பது தேன் தராத சம்பா நெல். கொம்புத் தேனீயும், மரப்பொந்தில் குடியிருக்கும் அடுக்குத் தேனீயும் அந்த மாதங்களில் வயிறு வளர்ப்பது வரப்புச் செடிகளில்தான். மார்கழியில் வரப்புக்கு விஷம் அடித்துத் தேனீக்கூட்டத்தைப் பட்டினி போட்டுவிட்டு, மாசியில் அதே தேனீயைத் தர்ப்பூசணிக் கொடியில் எதிர்பார்த்தால் அது எங்கிருந்து வரும்?

களைக்கொல்லி தேனீயை நேரே கொல்கிறது என்பதல்ல இங்கே சொல்ல வருவது. அது தேனீயின் உணவைக் கொல்கிறது. 1991, 1992 ஆண்டுகளில் பைப்புழு நோய் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது. அந்த அடியிலிருந்து தேனீ வளர்ப்பு எழுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. நோயை எதிர்த்து நிற்கக் கூட்டத்துக்கு வலிமை வேண்டும். வலிமைக்கு உணவு வேண்டும். தர்ப்பூசணிக் கொல்லையில் தேனீப் பெட்டி வைத்தால் போதுமே என்பவரும், அந்தப் பெட்டிக்கு மற்ற மாதங்களில் பூ வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இங்கிலாந்தில் கற்ற பாடம்

ஒரு சிறு செடியைச் சுற்றி எத்தனை உயிர்கள் பின்னிக் கிடக்கின்றன என்பதற்குத் தும்பையின் பங்காளியான காட்டுத் தைமே சாட்சி. இங்கிலாந்தில் பெரிய நீல வண்ணத்துப்பூச்சி என்று ஒன்று இருந்தது. அதன் புழு முதலில் காட்டுத் தைமின் பூவைத் தின்னும். பிறகு தரையில் விழும். ஒருவகைச் சிவப்பு எறும்பு அதைத் தன் குஞ்சு என்று எண்ணிப் புற்றுக்குத் தூக்கிப்போகும். எஞ்சிய மாதங்களை அந்தப் புழு எறும்புப் புற்றிலேயே கழித்து வளரும்.

இந்த வண்ணத்துப்பூச்சி குறைந்துகொண்டே வந்தது. அதைக் காப்பதற்காகச் சில இடங்களில் வேலி போட்டு ஆடுமாடு நுழையாமல் தடுத்தார்கள். 1950களில் ஒரு நோய் வந்து முயல்களும் பெருவாரியாக மடிந்தன. மேய்ச்சல் நின்றது. புல் உயர்ந்தது. புல்லின் நிழலில் தரை குளிர்ந்தது. சூடான தரையை விரும்பும் அந்த எறும்பு இடத்தை விட்டு மறைந்தது. தைம் செடி இருந்தும், எறும்பு இல்லாமல் வண்ணத்துப்பூச்சி வாழ முடியவில்லை. 1979இல் இங்கிலாந்தில் அது அடியோடு அற்றுப்போனது. ஜெரமி தாமஸ் என்ற அறிவியலார் காரணத்தைக் கண்டறிந்த பிறகே, மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, சுவீடனிலிருந்து அந்தப் பூச்சியை வரவழைத்து 1983 முதல் மறுபடியும் குடியேற்றினார்கள்.

இதில் விவசாயிக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஓரிடத்தில் செய்யும் மாற்றத்தின் நட்டம், யாரும் பார்க்காத வேறோர் இடத்தில் தலைகாட்டும் என்பது ஒன்று. சும்மா விட்டுவிடுவதும் காப்பாற்றுவது ஆகாது, அளவறிந்து அறுக்கவும் மேய்க்கவும் வேண்டும் என்பது மற்றொன்று. வரப்பைப் பற்றிய யோசனைக்கு இவ்விரண்டும் பொருந்தும்.

மறுப்பவர் சொல்வதிலும் நியாயம் உண்டு

தும்பை களைதானே என்று கேட்பவரைக் குறை சொல்வதற்கில்லை. மணிலாக் கொல்லைக்குள்ளே அது களைதான். மணிலாவுக்கு முதல் 45 நாள் களையில்லாமல் இருக்க வேண்டும். அந்த நாள்களில் தும்பையானாலும் கோரையானாலும் பயிரின் ஈரத்தையும் உரத்தையும் பங்கு கேட்கும். 40 முதல் 45 நாளுக்குள் கடைசிக் களை வெட்டி, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்துவிட்டால், பிறகு விழுது இறங்கும் மண்ணைக் கிளறக் கூடாது. கொல்லைக்குள் முளைத்த தும்பையை அந்தக் களைவெட்டிலேயே எடுத்துவிட வேண்டும். இதில் இரண்டு பேச்சு இல்லை.

வரப்பில் செடி இருந்தால் சிவப்புக் கம்பளிப்புழு தங்கும் என்ற அச்சமும் உண்டு. பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மணிலா விவசாயிகளுக்கு அந்தப் புழுவின் கொடுமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் கூட்டுப்புழு வரப்போரத்து மண்ணில் உறங்கிக் கிடந்து, கோடை கழிந்து பெய்யும் மழையில் அந்துப்பூச்சியாக வெளியே வரும். ஆனால் தும்பை கோடையில் காய்ந்துபோகும் செடி. கூட்டுப்புழுவை வெளிக்கொணரக் கோடை உழவும், அந்துப்பூச்சிக்கு விளக்குப் பொறியும், முட்டைக் குவியலைப் பொறுக்கி அழிப்பதுமே வழிகள். மார்கழியில் அடிக்கும் களைக்கொல்லி, மண்ணுக்கடியில் உறங்கும் கூட்டுப்புழுவை ஒன்றும் செய்யாது.

வரப்பு புதரானால் பாம்பும் எலியும் சேரும் என்பதும் உண்மையே. ஆகவே புதர் வேண்டாம். முழங்காலுக்கு மேல் வளரும் முட்செடியையும் பார்த்தீனியத்தையும் பூக்கும் முன்பே பிடுங்கி எறிய வேண்டும். பார்த்தீனியத்தை வெறுங்கையால் தொடக் கூடாது. தோல் அரிப்பு வரும். தும்பையோ முழங்கால் உயரத்தைத் தாண்டுவது அபூர்வம்.

பாம்பைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாம்பு கடித்தவருக்குத் தும்பைச் சாறு கொடுத்தால் விஷம் இறங்கும் என்ற நம்பிக்கை கிராமங்களில் இருக்கிறது. அதை நம்பி ஒரு நிமிடத்தையும் வீணாக்கக் கூடாது. விஷமுறிவு ஊசி இருக்கும் அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோவதே உயிர் காக்கும் வழி. தும்பையின் பெருமையைச் சொல்ல அதன் மேல் இல்லாத சக்தியை ஏற்ற வேண்டியதில்லை.

கடைசியாகக் கூலி. ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாவதில்லை என்பதே மருந்தடிப்பதற்கு மெய்யான காரணம். இதற்கு விடை சொல்லாமல் அறிவுரை மட்டும் சொன்னால் விவசாயி கேட்கமாட்டார். ஆனால் களைக்கொல்லியின் கணக்கையும் முழுமையாகப் போட வேண்டும். கிளைபோசேட் போன்ற மருந்து இலை வழியே இறங்கி வேரையும் சாகடிக்கிறது. வரப்பு மண்ணைப் பிடித்திருந்த அருகும் பிற புல்லும் போனால், அடுத்த மழையில் வரப்பு கரைகிறது. அதைக் கட்ட மறுபடியும் ஆள் வைக்க வேண்டும். கோரையோ மண்ணுக்குள் உள்ள கிழங்கிலிருந்து திரும்பவும் முளைத்துவிடும். தும்பைபோல் விதையால் மட்டும் பிழைக்கும் சாதுவான செடிதான் முதலில் ஒழிகிறது. 2,4-டி போன்ற மருந்து காற்றில் பக்கத்துக் கொல்லைக்குப் போனால் தர்ப்பூசணிக் கொடி சுருண்டுவிடும். அந்த நட்டத்தைக் கேட்டு வரப்புத் தகராறும் வரும். கிளைபோசேட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் மூலமாக மட்டுமே தெளிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆணை பிறப்பித்ததையும் இங்கே நினைவூட்டலாம். மனிதருக்கும் கால்நடைக்கும் ஆபத்து என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம்.

என்ன செய்யலாம்?

வழி எளிதானது, செலவும் அதிகமில்லை. வரப்பின் இரு சரிவில் ஒரு சரிவை மட்டும் கார்த்திகையில் அரிவாளால் அறுத்துச் சுத்தம் செய்யலாம். மறு சரிவில் ஒரு முழ அகலத்துக்குத் தும்பையையும் துளசி இனங்களையும் விட்டுவைக்கலாம். அவை பூத்து விதை உதிர்த்த பின், தை கடைசியிலோ மாசியிலோ அந்தச் சரிவை அறுக்கலாம். அடுத்த ஆண்டு சரிவை மாற்றிக்கொள்ளலாம். முழு வரப்பையும் ஒரே நாளில் அறுக்க ஆள் தேட வேண்டிய தொல்லையும் இதனால் பாதியாகும். ஆட்டுக்குப் புல் அறுக்கப் போகும்போது தும்பையைத் தாண்டி அறுத்தாலே வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

தர்ப்பூசணி பயிரிடுவோர் பூக்கும் நாள்களில் பூச்சிமருந்து அடித்தே ஆக வேண்டுமானால், பூ மூடிய பின் மாலையில் அடிக்க வேண்டும். காலையில் அடித்தால் மருந்து விழுவது தேனீயின் மேல். ஒருவர் மட்டும் இதைக் கடைப்பிடித்தால் பலன் குறைவு. அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர் கூடிப் பேசி ஒரே முறையாகச் செய்தால்தான் தேனீ அந்தப் பகுதியில் நிலைக்கும்.

அறிவியல் நிலையங்களுக்கும் இதில் பங்கு உண்டு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரை மணிலா விவசாயிகள் நாடெங்கும் அறிவர். 1940இல் வெளியான டி.எம்.வி. 2 மணிலா ரகம் தமிழகத்துக்கு வெளியேயும் லட்சக்கணக்கான ஏக்கரில் பரவியது. டி.எம்.வி. என்ற மூன்று எழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன. பயிரைத் தேர்ந்தெடுத்து ஊருக்கும் நாட்டுக்கும் பெருமை சேர்த்த அந்த மண்ணில், வரப்புச் செடிகளுக்கும் ஒரு கணக்கு எடுக்கப்பட வேண்டும். எந்தச் செடி எந்த மாதம் பூக்கிறது, எந்தத் தேனீ அதற்கு வருகிறது, எதை விட்டுவைக்கலாம், எதைப் பிடுங்க வேண்டும் என்று விழுப்புரம் மாவட்டத்துக்கென்றே ஒரு பூ நாட்காட்டி தயாரித்து, வேளாண்மை அலுவலகங்கள் வழியே கிராமங்களுக்குக் கொடுத்தால் அது பெரிய உதவியாக இருக்கும். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே இந்தக் கணக்கை எடுக்கலாம். தண்டு நான்கு பட்டையா என்று உருட்டிப் பார்க்க ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை.

'தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே' என்பார்கள். பழமொழி சொல்வது மாட்டின் கழுத்துக் கயிற்றை. ஆனால் மார்கழியில் வரப்புத் தும்பையை அழித்துவிட்டு, மாசியில் கோணிப்போன காயைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கடைக்கு ஓடும் விவசாயிக்கும் அது பொருந்துகிறது. இந்த மழைக்காலம் முடிந்து கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டும் முன், வரப்பை ஒருமுறை நடந்து பார்க்கட்டும். வெள்ளைப் பூவில் தேனீ உட்கார்ந்திருந்தால், அந்த ஒரு முழத்தை மட்டுமாவது விட்டுவைக்கட்டும்.